கைப்பிடிக்கு முன் கட்டையை வரையுங்கள்

நான் கணினியில் வடித்த முதல் நாற்காலிக் கைப்பிடி திரையில் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. முன்பக்கம் கொக்கின் கழுத்துப் போல வளைந்து இறங்கி, நுனியில் ஒரு சுருளாக முடிந்தது. கணினிக் கோப்பைப் பார்த்துத் தானே வெட்டும் சிஎன்சி எந்திரம் அரை நாள் ஓடி அதைச் செதுக்கித் தந்தது. கட்டையிலிருந்து அறுத்தெடுத்து, உப்புத்தாளை வைத்து இரண்டு இழுப்புத்தான் இழுத்திருப்பேன்; சுருள் கையோடு வந்துவிட்டது. உடைந்த இடம் சுண்ணக்கட்டியை ஒடித்தது போல மொட்டையாக இருந்தது. ஒரு நார் கூட நீட்டிக்கொண்டு நிற்கவில்லை.

எந்திரத்தின் மேல் குற்றமில்லை. என் கோப்பில் வடிவம் இருந்தது, மரம் இல்லை. இழை எந்தப் பக்கம் ஓடுகிறது, கட்டையை எங்கே பிடிக்கப் போகிறேன், எப்படிப் புரட்டப் போகிறேன் என்பதற்கு அதில் ஒரு கோடு கூட இல்லை. அதற்குப் பிறகு வேலையின் வரிசையைத் தலைகீழாக்கிக்கொண்டேன். முதலில் கட்டை, பிறகு பிடிக்கும் இடங்கள், பிறகு இணைப்புகள், கடைசியில்தான் அழகு. அந்த வரிசையில் ஒரே ஒரு கைப்பிடியைத் தொடக்கம் முதல் முடிவு வரை இங்கே செய்து காட்டுகிறேன். மூன்று அச்சு எந்திரம்தான்: நீளம், அகலம், உயரம் என்ற மூன்று திசைகளில் மட்டும் நகரும், சுழல் அச்சு எதுவும் கிடையாது. அளவுகள் எல்லாம் மில்லிமீட்டரில்.

கட்டையும் இழையும்

கைப்பிடியின் நீளம் 460. மேலிருந்து பார்த்தால் வளைவோடு சேர்த்து 84 அகலத்துக்குள் அடங்குகிறது, உயரம் 44. புதிய கோப்பைத் திறந்ததும் நான் முதலில் வரைவது 540 × 110 × 50 அளவுள்ள ஒரு செங்கட்டை. இழைத்துச் சதுரமாக்கிய பிறகு காலிப்பர் வைத்து அளந்த எண்களையே போடுவேன். தடிமன் 49.6 வந்தால் கோப்பிலும் 49.6 தான். ‘ஏறக்குறைய 50’ என்று விட்டால், கட்டையைப் புரட்டிப் போடும்போது அந்த 0.4 மேல்பாதிக்கும் கீழ்பாதிக்கும் நடுவில் வந்து நிற்கும்.

கட்டையின் மேல் நீளவாக்கில் ஓர் அம்புக்குறி வரைகிறேன். இழை ஓட்டத்தின் திசை அது. எக்ஸ் அச்சு எப்போதும் அந்த அம்போடு போகும். கணினியில் மாதிரி வரைந்து முடிகிறவரை அம்பை மறைப்பதில்லை. அதைப் பார்த்துக்கொண்டேதான் ஒவ்வொரு வளைவையும் இழுக்கிறேன்.

காரணம் இதுதான். மரத்தின் பலம் இழையின் நெடுகே இருக்கிறது. இழை உறுப்பின் அச்சிலிருந்து 10க்கு 1 என்ற சாய்வில் விலகினாலே வளைவைத் தாங்கும் வலிமை நேர் இழையில் இருந்ததில் சுமார் 80 விழுக்காடாகிவிடும். 5க்கு 1 என்றால் பாதிக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். என் கொக்குக் கழுத்தில் இழை ஏறக்குறைய குறுக்காகவே வெட்டுப்பட்டிருந்தது, தடிமனோ 14. உடையாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

வளைவு இழையை விட்டு விலகும் இடம் வந்தால் நமக்கு மூன்று வழிகள் உண்டு. வளைவைக் குறைக்கலாம். அல்லது கட்டைக்குள் உறுப்பையே சில பாகை திருப்பி வைத்து, மிக மெலிந்த இடத்தில் இழை நெடுகே ஓடும்படி பார்த்துக்கொள்ளலாம். இது செலவில்லாத வழி. நான் முதலில் முயல்வது இதைத்தான். மூன்றாவது, உறுப்பைத் துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் தன் இழையைக் கொடுத்து ஒட்டுவது. டென்மார்க்கின் ஹான்ஸ் வெக்னர் 1949இல் வடிவமைத்த வட்ட நாற்காலியில் கைகளும் முதுகும் ஒரே அரைவட்டமாகத் தெரியும். உண்மையில் அது மூன்று துண்டு. தொடக்கத்தில் வந்த நாற்காலிகளில் முதுகைப் பிரம்பு சுற்றி இணைப்பை மறைத்தார்கள். பின்னர் பல்பல்லாகக் கோத்த இணைப்பை வெளியே தெரியும்படியே விட்டார்கள். ஒட்டு தெரிந்துவிடுமே என்று தயங்கும்போதெல்லாம் எனக்கு அந்த நாற்காலி நினைவுக்கு வரும்.

இந்தக் கைப்பிடிக்கு இரண்டாவது வழி போதுமாக இருந்தது. கட்டைக்குள் 7 பாகை திருப்பினேன், சுருளைக் கைவிட்டேன், இழை விலகும் முன்பகுதியில் தடிமனை எங்கும் 22க்குக் குறையாமல் வைத்தேன். சுருள் போனதில் எனக்கு வருத்தம்தான், மறைப்பானேன்.

களிமண்ணிலிருந்து கூண்டுக்கு

கைப்பிடி பார்ப்பதற்கு மட்டுமான பொருள் இல்லை. முழங்கையும் உள்ளங்கையும் அதன் மேல் மணிக்கணக்கில் கிடக்கும். எனவே மேல்பரப்பைத் திரையில் கற்பனை செய்வதில்லை. ஒரு கழிவுப் பலகையைச் சரியான உயரத்தில் பொருத்தி, அதன் மேல் உருவக் களிமண்ணை இரண்டு விரல் கனத்துக்கு அப்பி, உட்கார்ந்து கையை வைத்து அழுத்துகிறேன். முழங்கை ஒரு பள்ளம் போடும். உள்ளங்கை முன்னால் ஒரு மேட்டை விட்டுவைக்கும். அந்தக் களிமண்ணை 40க்கு ஒரு கோடு வீதம் குறித்து, ஒவ்வொரு கோட்டிலும் வடிவம் எடுக்கும் சீப்புக் கருவியை அழுத்தித் தாளில் வரைந்துகொள்கிறேன். பன்னிரண்டு குறுக்கு வெட்டுகள் கிடைத்தன. முழங்கைப் பள்ளம் நடுவில் வெறும் 4 ஆழம்தான். திரையில் மட்டும் பார்த்து வரைந்திருந்தால் 10 கொடுத்திருப்பேன்; அதில் கை வைத்தால் தொட்டிலில் கை வைத்தது போல இருக்கும்.

அந்தப் பன்னிரண்டையும் கணினியில் அதனதன் இடத்தில் நிறுத்திவிட்டு, சுற்றிலும் புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் கொண்டு ஒரு கூண்டு கட்டுகிறேன். நான் பயன்படுத்துவது சப்-டிவிஷன் முறை. எட்வின் கேட்மல், ஜிம் கிளார்க் இருவரும் 1978இல் வெளியிட்ட கணக்கு அது: கரடுமுரடான கூண்டு ஒன்றைக் கொடுத்தால் அதைப் பிரித்துப் பிரித்து வழவழப்பான பரப்பாக்கித் தரும். முப்பரிமாண மென்பொருள்களில் பிளெண்டரில் இது இருக்கிறது, ரைனோவில் 7ஆம் பதிப்பிலிருந்து இருக்கிறது, ஃபியூஷனில் இதை ஒத்த வசதி உண்டு. எதில் செய்தாலும் சரி, கூண்டின் முகங்கள் எல்லாம் நான்கு பக்கம் உடையவையாக இருக்கட்டும். புள்ளிகள் குறைவாக இருக்கட்டும். பன்னிரண்டு வளையம், வளையத்துக்கு எட்டுப் புள்ளி, ஆக 96 புள்ளிகள். இந்தக் கைப்பிடிக்கு அது தாராளம். புதிதாக வருகிறவர்கள் ஒரு சிறு மேட்டைச் சரிசெய்யப் புதிதாக நான்கு புள்ளி சேர்ப்பார்கள், அவை இன்னொரு மேட்டை உண்டாக்கும், அதற்கு இன்னும் நான்கு. கடைசியில் பரப்பு குண்டும் குழியுமான சாலை போல ஆகிவிடும். மேடு தெரிந்தால் புள்ளியைச் சேர்க்காதீர்கள், எடுத்துப் பாருங்கள்.

பரப்பைச் சோதிக்க, அதன் மேல் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் பிரதிபலிப்பது போலக் காட்டும் வரிக்குதிரைக் கோடுகளைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஏறக்குறைய எல்லா மென்பொருளிலும் இந்த வசதி உண்டு. ஒரு வளைவு இன்னொன்றோடு சேரும் இடத்தில் கோடு அறுந்து தள்ளி நின்றால், அங்கே பரப்பு கண்ணுக்கே தெரியும்படி முறிகிறது. கோடு சேர்ந்தும் முழங்கை போலச் சட்டென்று மடங்கினால், திசை சேர்ந்திருக்கிறது, வளைவின் அளவு சேரவில்லை. கோடு தயங்காமல் ஓடினால்தான் வார்னிஷ் பூசிய மரத்தில் ஒளியும் தயங்காமல் ஓடும். பூச்சு ஏறாத மரத்தில் கண் மன்னித்துவிடும் குறையை, பளபளப்பு ஏறியதும் மன்னிக்காது.

இந்தக் கைப்பிடியின் வெளிப்புறத்தில் ஒரு கூர் விளிம்பு பின்னாலிருந்து புறப்பட்டு, நடுவில் மெல்ல மெல்லக் கரைந்து காணாமல் போகிறது. செதுக்கு வேலையில் எனக்கு மிகப் பிடித்த கோடு இதுதான். கூண்டின் அந்த ஓரத்துக்கு மடிப்பு அளவைப் பின்னால் 1 என்றும், ஒவ்வொரு வளையத்துக்கும் குறைத்துக்கொண்டே வந்து நடுவில் 0 என்றும் வைத்தால் போதும். உளியில் ஒரு முற்பகல் பிடிக்கிற வேலை.

இணைப்புகளை மட்டும் இந்தக் கூண்டுக்குள் விடாதீர்கள். வழவழப்பாக்கும் கணக்கு நேர்கோட்டையும் துளையையும் மதிக்காது. முன்காலின் உருண்டைக் கழுந்து, அதாவது துளைக்குள் செருகும் முனை, நுழைய 20 விட்டமும் 25 ஆழமும் உள்ள துளை. பின்கால் வந்து அமர 32க்கு 32 தட்டையான இருக்கை. இவை இரண்டையும் தனித் திடப்பொருளாக, துல்லியமான அளவில் வரைந்து, கடைசியில் கைப்பிடியோடு கூட்டியும் கழித்தும் சேர்க்கிறேன். சதுரத் துளை வேண்டும் என்று அடம்பிடித்தால் ஒன்று நினைவிருக்கட்டும்: எந்திரத்தின் வெட்டும் அலகான பிட் சுழல்வது, அது உள்மூலையைச் சதுரமாக வெட்டாது. மூலையை உளியால் கொத்திச் சரிசெய்ய வேண்டும், அல்லது கழுந்தின் முனையை உருண்டையாக்கிவிட வேண்டும். நான் கழுந்தை உருண்டையாக்கும் கட்சி.

பின்கால் அமரும் இருக்கையைச் சுற்றி 30 தூரத்துக்குக் கைப்பிடியை வேண்டுமென்றே 1 கூடுதல் கனமாக விட்டிருக்கிறேன். பின்காலின் கோப்பிலும் அப்படியே. ஒட்டிக் காய்ந்த பிறகு இரண்டையும் சேர்த்து அரத்தால் இழைத்தால்தான் ஒன்று இன்னொன்றிலிருந்து முளைத்தது போல வரும். தனித்தனியாக இறுதி அளவுக்கு வெட்டி ஒட்டினால் நூலளவு படி ஒன்று கட்டாயம் நிற்கும், அதைத் தேய்க்க அங்கே சதை இருக்காது.

புரட்டிப் போடும் கணக்கு

மூன்று அச்சு எந்திரம் மேலிருந்து மட்டுமே பார்க்கிறது. அது பார்க்காத இடத்தை வெட்ட முடியாது. ஆகவே கைப்பிடியை மேலிருந்து பார்த்து அதன் மிக அகலமான கோடு எங்கே ஓடுகிறது என்று கண்டுபிடியுங்கள். அந்தக் கோட்டுக்கு மேலே உள்ளது முதல் பக்கம், கீழே உள்ளது இரண்டாம் பக்கம். ஒரு பக்கத்திலிருந்து பார்த்தாலும் மறுபக்கத்திலிருந்து பார்த்தாலும் ஏதாவது ஓரிடம் ஒளிந்துகொண்டால் அது உள்வெட்டு. அங்கே வடிவத்தைத் திருத்துங்கள், அல்லது அதைக் கைவேலைக்கு ஒதுக்குங்கள். என் மாதிரியில் முன்நுனியின் அடியில் அப்படி ஒரு குழிவு இருந்தது. 3 பாகை வெளியே சாய்த்ததும் தீர்ந்தது. கையில் எடுத்துப் பார்ப்பவர் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

அகலக் கோடு கட்டையின் நடுத்தளத்தில், அதாவது 25இல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே பரப்பு செங்குத்தாக நிற்கும். பந்துமுனை பிட் செங்குத்துப் பரப்பைத் தன் நுனியால் தொடுவதில்லை, விலாவால் தொடுகிறது. விலா நுனிக்கு ஓர் ஆரம் மேலே. 6 விட்டப் பிட்டென்றால் நுனி இன்னும் 3 கீழே போக வேண்டும், மேலும் 1 பாதுகாப்புக்கு. ஆக ஒவ்வொரு பக்கமும் 29 ஆழம். இதைக் கணக்கில் எடுக்காமல் 25இல் நிறுத்தியவர்கள், நடுவில் இடுப்புக் கயிறு கட்டியது போல ஒரு தழும்போடு கைப்பிடியை எடுப்பார்கள். எனக்கும் அப்படி ஒரு கைப்பிடி கிடைத்தது.

இரண்டு பக்கமும் 29 போனால் கட்டை முழுக்க வெட்டுப்பட்டு உறுப்பு கழன்றுவிடும். அதனால் உறுப்பைக் கட்டையின் மிச்சத்தோடு பிடித்து நிறுத்தும் பாலங்கள் தேவை. வெட்டுப்பாதை மென்பொருள் தானே பாலம் போட்டுத்தரும், ஆனால் அதற்கு இழை தெரியாது. நான் பாலங்களை மாதிரியின் பகுதியாகவே வரைந்துவிடுகிறேன். இரு முனைகளிலும் 14 அகலம், 10 கனத்தில் ஒவ்வொன்று. இவை இழையோடு ஓடுவதால் உறுதியானவை. நடுவில் அதிர்வைத் தடுக்கப் பக்கத்துக்கு ஒன்று. இவை இழைக்குக் குறுக்காக நிற்பதால் எளிதில் முறியும், முறியும்போது உறுப்பிலிருந்து ஒரு சிம்பையும் பிய்த்துக்கொண்டு போகும். ஆகவே அவற்றை 20 அகலமாக வைத்திருக்கிறேன்.

புரட்டும்போது கட்டை அதே இடத்தில் அமர, கட்டையின் இரு முனைகளிலும் 40 நீளம் மிச்சம் விட்டது பயன்படுகிறது. நடுக்கோட்டில், 500 இடைவெளியில், முளை செருக இரண்டு துளைகள். அவை கட்டையைத் தாண்டி அடிப்பலகைக்குள்ளும் போகும். துளைகளை நடுக்கோட்டில் வைப்பதற்குக் காரணம் உண்டு. மரம் நீளவாக்கில் ஏறக்குறைய அசையவே அசையாது. அகலவாக்கில்தான் ஈரத்துக்கேற்ப விரிந்து சுருங்கும். துளைகள் ஓரங்களில் இருந்தால் ஒரு மழை நாளில் முளை துளைக்குள் போக மறுக்கும். இன்னொன்று: துளைகளின் நடுக்கோட்டுக்கும் கோப்பில் உள்ள அச்சுக்கும் 0.2 வித்தியாசம் இருந்தால், புரட்டியதும் அது 0.4 ஆகத் தெரியும். பிழை இரட்டிக்கும். ஆகவே துளைகளைக் கையால் போடாமல் எந்திரமே போடட்டும்.

ஒரு துளைக்கு 8 விட்டம், மற்றதற்கு 10. இது ஒரு மடத்தனத்தில் கற்றது. ஒரு நாள் கட்டையைப் பக்கவாட்டில் புரட்டுவதற்குப் பதில் தலைகீழாகப் புரட்டி மாட்டிவிட்டேன். இரண்டு துளைகளும் ஒரே அளவு. முளைகள் சமர்த்தாக உட்கார்ந்தன. எந்திரம் கைப்பிடியின் முன்பக்கத்தில் பின்பக்கத்தைச் செதுக்கிக்கொண்டிருந்தது. விட்டம் வேறாக இருந்தால் கட்டை தானே மறுக்கும்.

பிட்டின் கண்ணால் பார்ப்பது

வயலை உழும்போது சாலுக்கும் சாலுக்கும் நடுவில் வரப்பு நிற்பது போல, பந்துமுனை பிட் போகும் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இடையில் ஒரு சிறு வரப்பு நிற்கும். அதன் உயரத்தைக் கணக்கிடுவது எளிது: சால் இடைவெளியை அதனாலேயே பெருக்கி, பிட் ஆரத்தின் எட்டு மடங்கால் வகுக்க வேண்டும். 6 விட்டப் பிட்டில் ஆரம் 3. இடைவெளி 1.2 என்றால் வரப்பு 0.06, 0.6 என்றால் 0.015. இடைவெளியைப் பாதியாக்கினால் வரப்பு கால்வாசியாகிறது, நேரம் இரட்டிக்கிறது. 100 அகலம், 480 நீளம் உள்ள பரப்பில் 0.6 இடைவெளி என்றால் சுமார் 167 சால்கள், 80 மீட்டர் ஓட்டம். நிமிடத்துக்கு 3 மீட்டர் வேகத்தில் பக்கத்துக்கு 27 நிமிடம். 0.3 வைத்தால் 53 நிமிடம் ஓடி, எப்படியும் 120ஆம் எண் உப்புத்தாள் எடுத்துவிடப் போகிற வரப்பை இன்னும் சிறிதாக்குவீர்கள். நான் 0.6க்குக் கீழே போவதில்லை.

ஆனால் இந்தக் கணக்கு சமதளத்துக்கு. பக்கச் சரிவு 60 பாகையானால் மேலிருந்து பார்க்கும் 0.6, சரிவின் மேல் 1.2 ஆகிவிடும், வரப்பு நான்கு மடங்கு. கைப்பிடியின் தோள்கள் மட்டும் சொரசொரப்பாக வருவதற்கு இதுவே காரணம், பிட் மழுங்கியதல்ல. மேல்பரப்புக்கு இழையோடு ஓடும் இணைச் சால்கள், 50 பாகைக்கு மேற்பட்ட சரிவுக்கு உயரம் உயரமாகச் சுற்றிவரும் தனிப் பாதை என்று பிரித்துவிடுங்கள். இரண்டும் ஒன்றையொன்று சில மில்லிமீட்டர் தழுவட்டும்.

மாதிரி வரையும்போதே பிட் நினைவில் இருக்க வேண்டிய இடம் உள்வளைவு. 6 விட்டப் பிட்டுக்கு உள்வளைவின் ஆரம் சரியாக 3 என்று வைத்தால், பிட் மூலையில் முழு உடம்பாலும் மரத்தைத் தொட்டு, நின்று, அதிர்ந்து, கருக்கிவிட்டுத்தான் திரும்பும். 3.5 அல்லது 4 வையுங்கள், வளைந்து கடந்து போகும். பந்துமுனைக்கு இன்னொரு பலவீனமும் உண்டு: அதன் நட்டநடு நுனி சுழல்வதே இல்லை என்று சொல்லலாம், அங்கே வேகம் சுழியம். தட்டையான பரப்பில் அது வெட்டாது, தேய்க்கும். ஆகவே பின்கால் இருக்கையைத் தட்டைமுனை பிட்டுக்கு ஒதுக்கியிருக்கிறேன். இழைவாக வளைந்த பரப்பைத் தட்டையாக வரைந்துவிடாமல் எங்கும் சிறு குமிழ்வு வைத்திருப்பதும் இதற்காகத்தான். கைக்கும் அதுவே இதம்.

29 ஆழம் போக வேண்டிய பிட், அதைக் கவ்விப் பிடிக்கும் கோலெட்டிலிருந்து எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கும் என்று பாருங்கள். பிட் வளையும் அளவு அந்த நீளத்தின் மும்மடிக்கு ஏற்ப வளரும். 35 நீட்டினால் இருப்பதைவிட 50 நீட்டினால் ஏறக்குறைய மூன்று மடங்கு வளையும். வெட்டைத் திரையில் ஒத்திகை பார்க்கும் சிமுலேஷனில் பிட்டை மட்டும் காட்டினால் போதாது. கோலெட், அதன் மூடி, பிட்டைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் மூக்கு எல்லாவற்றையும் அளந்து வரைந்து வையுங்கள். என் முதல் சிமுலேஷனில் பிட் தேவதை போல அந்தரத்தில் மிதந்து வெட்டியது. பட்டறையில் அதன் மூடி கட்டையின் ஓரத்தைக் கடித்தது.

முதல்கட்ட வெட்டுக்கு 8 விட்டத் தட்டைமுனை, நிமிடத்துக்கு 18,000 சுற்று, இரண்டு வெட்டுவாய். ஒரு வாய்க்கு 0.1 சீவல் என்றால் ஓட்டம் நிமிடத்துக்கு 3600. பயந்து இதைப் பாதியாக்கினால் சீவல் தூளாகும், தூள் சூடாகும், மரம் கருகும், பிட் மழுங்கும். தேக்கில் மணற்சத்து இருப்பதால் அது எப்படியும் பிட்டை விரைவில் தின்றுவிடும். இந்தக் கட்டத்தில் சுற்றிலும் 1 விட்டுவிட்டு இரு பக்கமும் வெட்டி, ஒரு நாள் அப்படியே போட்டு வைக்கிறேன். கட்டைக்குள் அடைபட்டிருந்த இறுக்கம் விடுபட்டு மரம் திரும்ப வேண்டியதென்றால் அன்று திரும்பிக்கொள்ளட்டும். இறுதி வெட்டு அடுத்த நாள்.

கோப்பை வெளியே அனுப்பும்போது

இது சிறிய விஷயம், சேதமோ பெரிது. மாதிரியை வெட்டுப்பாதை மென்பொருளுக்கு அனுப்பும் எஸ்டிஎல் கோப்பில் வளைவு என்று ஒன்று கிடையாது, எல்லாம் முக்கோணம். மாதிரியை எவ்வளவு பிசகு வரை முக்கோணமாக்கலாம் என்று மென்பொருள் கேட்கும். ஒரு முறை 0.1 என்றிருந்ததைப் பார்க்காமல் அனுப்பினேன். 300 ஆரமுள்ள மெல்லிய வளைவில் 0.1 பிசகு என்றால் ஒவ்வொரு பட்டையும் 15 நீளம். பூச்சு ஏறாத மரத்தில் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது பூச்சுக்குப் பிறகு, சன்னல் ஒளியில், கைப்பிடி முழுக்கப் பட்டை தீட்டியது போல மின்னியது. திரும்பவும் மரம்வரை தேய்த்தேன். இப்போது 0.01 தான். கோப்பு பெரிதாகும், முக்கோணத்துக்கு 50 பைட், பத்து லட்சம் முக்கோணம் என்றால் 50 மெகாபைட். இருக்கட்டும்.

எஸ்டிஎல்லுக்கு அலகும் கிடையாது. 460 என்பது மில்லிமீட்டரா அங்குலமா என்று அது சொல்லாது. மீட்டரில் வரைந்து அனுப்பினால் கைப்பிடி அரிசியைவிடச் சிறிதாக, 0.46 மில்லிமீட்டராக வந்து நிற்கும். உள்ளே வந்ததும் நீளத்தை ஒரு முறை அளந்துவிடுங்கள்.

இடது கைப்பிடிக்கு மாதிரியைக் கண்ணாடிப் பிம்பமாக்கி, வெட்டுப்பாதையைப் புதிதாகக் கணக்கிடச் சொல்லுங்கள். வெட்டுப்பாதையையே பிம்பமாக்காதீர்கள். ஸ்பிண்டில் சுழலும் திசை மாறாது. எனவே பிட் ஓட்டத்தோடு ஒத்துச் சுழன்று வெட்டிய இடமெல்லாம் எதிர்த்துச் சுழன்று வெட்டும், வலப்பக்கம் மழமழவென்று வந்த ஓரம் இடப்பக்கம் பிய்ந்து வரும்.

கைப்பிடியின் முன்நுனியில் இலை, கொடி எதையாவது செதுக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு சொல். சாம்பல் நிறப் படத்தை உயரமாக மாற்றும் முறையில் செய்வதானால் படம் 16 பிட்டாக இருக்கட்டும் (இது வெட்டும் பிட் அல்ல, படத்தின் சாம்பல் நிறப் படிகளைக் குறிக்கும் கணினி அளவு). 8 பிட் படத்தில் 256 படிதான். 12 ஆழத்தில் ஒவ்வொரு படியும் 0.047, இலையின் மெல்லிய சரிவில் மாடிப்படி வரிசையாகத் தெரியும். இலை மடிந்து நிழல் விழும் இடத்தை எந்திரத்திடம் எதிர்பார்க்காதீர்கள். சுவரைச் செங்குத்தாக இறக்கிவிட்டு, அடியில் குடைவதை வளைந்த உளிக்கு விடுங்கள். ஐந்து நிமிட உளி வேலைதான். இலை மரத்தைவிட்டு எழுந்து நிற்கும்.

இறுதி வெட்டு முடிந்ததும் பாலங்களை உறுப்பிலிருந்து 1 தள்ளி மென்பல் ரம்பத்தால் அறுத்து, மிச்சத்தை இழையின் போக்கில் உளியால் சீவுகிறேன். பிறகு பரப்பு முழுக்கப் பென்சிலால் கிறுக்குகிறேன். சுரண்டு தகட்டால் இழுக்க, வரப்புகளின் மேலிருந்த பென்சில் போகும், சால்களில் இருப்பது நிற்கும். எல்லாம் மறைந்ததும் 120, 180. ஈரத் துணியால் துடைத்து நார் எழும்ப விட்டு, காய்ந்ததும் 240. தூசி மூக்குக்குள் போகாமல் முகமூடி கட்டிக்கொள்ளுங்கள். தேக்குத் தூசி சிலருக்குத் தோலையும் அரிக்கும்.

தேய்ப்புக்காக மாதிரியில் நான் சுற்றிலும் 0.3 கூடுதலாக விட்டிருந்தேன். வலது கைப்பிடியில் ஓரிடத்தைத் தவிர எங்கும் அது போதுமாக இருந்தது. முன்காலுக்குச் சற்றுப் பின்னால், கீழ்ப்பக்கம், வளைவு ஏறும் இடத்தில் பிட் எதிரிழையில் போய் மரத்தைக் கிள்ளியிருந்தது, பள்ளம் 0.4. இடது கைப்பிடியின் கோப்பில் அந்த ஒரு வளையத்தின் அடியில் உள்ள மூன்று புள்ளிகளை மட்டும் அரை மில்லிமீட்டர் கீழே இழுத்து வைத்திருக்கிறேன். அந்த இடத்துக்கு மட்டும் சால்களின் திசையையும் மாற்றியிருக்கிறேன். கட்டை முளைகளில் அமர்ந்திருக்கிறது. நாளைக் காலை வெட்டு.